பிக் தாம்சன் ஆறு: 1976 வெள்ளத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

பொருநைக்கரை:
வணக்கம். கொலராடோவில் நீரியல் முதுகலை படிக்கிறேன். பிக் தாம்சன் ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தில், டிரேக் ஊருக்குக் கீழே ஒரு கேஜ் (ஆற்று நீரின் அளவைப் பதியும் நிலையம்) இருக்கிறது. அதன் பதிவை வைத்து நூறாண்டு வெள்ளம் (எந்த ஓர் ஆண்டிலும் தாண்ட 1 சதவீத வாய்ப்புள்ள அளவு) எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் உச்சத்தையும் எடுத்து வெள்ள வாய்ப்பைக் கணக்கிட வழக்கமாகப் போடும் லாக்-பியர்சன் 3 வளைவைப் பொருத்தினேன். பெரும்பாலான புள்ளிகள் ஒழுங்காக உட்காருகின்றன. மே கடைசியிலும் ஜூனிலும் பனி உருகி வந்த வெள்ளங்கள் அவை. 1976 ஜூலை 31 மட்டும் தாளின் உச்சியில் தனியே நிற்கிறது: விநாடிக்கு 31,200 கனஅடி. சேர்த்தால் வளைவின் வால் மேலே தூக்கிக்கொண்டு மற்ற எதனோடும் ஒட்டுவதில்லை. விட்டால் அழகாகப் பொருந்துகிறது.

ஆனால் விட மனம் வரவில்லை. போன ஞாயிறு 34-ஆம் நெடுஞ்சாலை வழியாகப் பள்ளத்தாக்குக்குள் போனேன். திடீர் வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்பச் சொல்லும் பலகைகள் வழி நெடுக நிற்கின்றன. சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அந்த ஒரே இரவில் இறந்தவர்கள் 144 பேர். இதை அவுட்லையர் (மற்றவற்றோடு ஒட்டாத புள்ளி) என்று அடித்துவிடுவது எப்படிச் சரியாகும்? இன்னொன்று: கேஜ் ஓடாத ஆண்டுகளும் இடையில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

சமவெளி:
ஒட்டாத புள்ளியைக் கண்டுபிடிக்கும் கிரப்ஸ்-பெக் சோதனை போடுங்கள். தேறாவிட்டால் நீக்கிவிடலாம். ஒரு புள்ளிக்காக மொத்த வளைவையும் கெடுக்க வேண்டாம்.

செத்தைக்கோடு:
நீக்காதே தங்கச்சி. சமவெளி சொல்லும் சோதனை அமெரிக்க வெள்ளக் கணக்கு வழிகாட்டியான புல்லட்டின் 17-சி-யில் இருக்கிறது, ஆனால் அது கீழ்ப்பக்கத்துக்கு உரியது. வறண்ட ஆண்டுகளின் குட்டி உச்சங்கள் வளைவின் மேல் வாலை இழுத்துவிடாமல் பார்க்கத்தான் அது. மேலே நிற்கும் பெரிய வெள்ளத்தை, அளவில் பிழை என்று காட்டினாலொழிய, எடுக்கக் கூடாது. நாம் தேடுவதே அதைத்தானே!

வளைவு ஒட்டாததற்குக் காரணம் வேறு. ஒரே பையில் இரண்டு ஆறுகளைப் போட்டிருக்கிறாய். பனி உருகும் வெள்ளம் நாள்கணக்கில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 1976-இல் வந்தது இடிமழை. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள எஸ்டஸ் பார்க் ஊருக்குக் கீழே மலைச்சரிவில் மேகம் நகராமல் நின்று, சில மணி நேரத்தில் 12 அங்குலம் கொட்டியது. மேலே ஊரில் ஆறு பெரிதாக ஏறவே இல்லை. 2013 செப்டம்பர் மூன்றாவது வகை: வெப்பமண்டல ஈரம் வந்து நாள்கணக்கில் பெய்த மழை.

ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு எண் எடு: பனி வெள்ளத்தின் உச்சம் ஒன்று, மழை வெள்ளத்தின் (இடிமழையோ நாள்கணக்கில் பெய்ததோ) உச்சம் ஒன்று. ஆண்டு உச்சக் கோப்பில் ஆண்டுக்கு ஓர் எண்தான் இருக்கும். மற்றதைத் தினசரிப் பதிவிலிருந்து நீயே பொறுக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வளைவு போட்டபின் சேர்க்கலாம். ஒரு குறிப்பிட்ட அளவைப் பனி தாண்டும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.5 சதவீதம், மழை தாண்டும் வாய்ப்பு 2 சதவீதம் என்று வை. இரண்டில் ஒன்றாவது தாண்டும் வாய்ப்பு 1 − (0.995 × 0.98), அதாவது 2.49 சதவீதம். ஏறக்குறைய நாற்பதாண்டு வெள்ளம்.

கேஜ் ஓடாத ஆண்டுகள் வெற்று ஆண்டுகள் அல்ல. அந்த ஆண்டில் 31,000 கனஅடி வந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்குமா? சாலை போயிருக்கும், பாலம் போயிருக்கும், செய்தித்தாளில் வந்திருக்கும். எந்த அளவுக்கு மேல் வந்திருந்தால் நிச்சயம் எழுதி வைத்திருப்பார்கள் என்று ஒரு வரம்பைத் தீர்மானித்து, "இந்த ஆண்டு அதற்குக் கீழேதான்" என்று கணக்குக்குக் கொடு. 17-சி-யின் புதிய முறை அதை ஏற்கும். இல்லாவிட்டால் 60 ஆண்டுப் பதிவில் மிகப் பெரியதற்கு, புள்ளிகளைத் தாளில் எங்கே வைப்பது என்று சொல்லும் வெய்புல் சூத்திரம் 61 ஆண்டு என்றுதான் இடம் கொடுக்கும், அது உண்மையில் எவ்வளவு அரிதாக இருந்தாலும்.

கூழாங்கல்:
31,200 என்ற எண்ணையே கொஞ்சம் தட்டிப் பாருங்கள். அந்த உச்சத்தில் யாரும் மீட்டரை இறக்கி அளக்கவில்லை. வெள்ளத் தடத்தையும் ஆற்றின் சரிவையும் வைத்துப் பிறகு கணக்கிட்டதுதான். இதில் மேனிங் n (ஆற்றுப்படுகையின் கரடுமுரடைக் குறிக்கும் எண்) பெரிய விஷயம். நீரியலாளர் ராபர்ட் ஜாரெட் 1984-இல் செங்குத்தான மலை ஓடைகளுக்கு ஒரு சூத்திரம் தந்தார்: n = 0.39 × S^0.38 × R^−0.16. S சரிவு; R நீரியல் ஆரம் (குறுக்குவெட்டுப் பரப்பை நனைந்த விளிம்பால் வகுத்தது), அடியில். சரிவு 3 சதவீதம், R 5 அடி என்றால் n ஏறக்குறைய 0.08 வரும். பாடப்புத்தக அட்டவணையைப் பார்த்து 0.05 போட்டால் வெள்ளம் 1.6 மடங்காகிவிடும். மலை ஆறுகளில் பழைய பெரிய எண்கள் பல ஊதியிருக்க இதுவும் ஒரு காரணம். புள்ளியை நீக்க வேண்டாம், ஒற்றை எண்ணாகவும் கொடுக்க வேண்டாம். இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் நடுவில் என்று இடைவெளியாகக் கொடுங்கள்.

செத்தைக்கோடு:
கூழாங்கல் சொல்வது முழுக்க உண்மை. 2013 வெள்ளம் வடிந்ததும் ஒரு வாரம் கரையோரம் நடந்து தடம் பார்த்தேன். ஒரே மரத்தில் மேல்புறம் செத்தை ஒரு மட்டத்தில், கீழ்புறம் ஓரடிக்கும் மேல் தாழ்ந்து இன்னொரு மட்டத்தில். எது ஆற்றின் மட்டம், எது மரத்தில் மோதி எழும்பிய நீர் என்று முடிவுசெய்ய நீண்ட நேரம் நின்றேன். இரண்டில் எதை எடுத்தாலும் பல நூறு கனஅடி மாறும்.

இன்னொன்றை மறந்துவிட்டேன். 1949-இல் எஸ்டஸ் பார்க்கில் ஒலிம்பஸ் அணை வந்தது. அதன்பின் பனி வெள்ளம் இயற்கையான அளவு அல்ல. கோப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் 6 என்ற குறி இருந்தால், அணையோ திருப்பிவிடலோ அந்த உச்சத்தை மாற்றியிருக்கிறது என்று பொருள். 1949-க்கு முன்னும் பின்னும் உள்ள பனி எண்களை ஒன்றாகக் கலக்காதே. மழை வரிசைக்கு இந்தச் சிக்கல் குறைவு, 1976 மழை பெரும்பாலும் அணைக்குக் கீழேதான் விழுந்தது.

பொருநைக்கரை:
அண்ணா, இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துவிட்டேன். பனி வரிசை இப்போது நேராகப் பொருந்துகிறது. மழை வரிசையில் பல ஆண்டுகளில் சொல்லும்படி ஒன்றுமே இல்லை, அவற்றையும் வரம்புக்குக் கீழே என்றுதான் கொடுத்தேன். 1976-ஐ இடைவெளியாகக் கொடுத்ததும் வால் கொஞ்சம் அடங்கியது, ஆனால் நம்பக எல்லைகள் (விடை எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்பது) மிக அகலம்.

ஒரு சந்தேகம் பாக்கி. கொலராடோ முன்மலைகளில் 2,300 மீட்டருக்கு மேல் பெரிய மழை வெள்ளம் அரிது என்று ஜாரெட் எழுதியிருக்கிறார். மேல் படுகையை மழைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா?

செத்தைக்கோடு:
விடாதே. எஸ்டஸ் பார்க் கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே இருக்கிறது, 2013-இல் அந்த ஊர்க் கடைத்தெருவில் தண்ணீர் ஓடியது. அகலமான எல்லைகளை அப்படியே அறிக்கையில் போடு, குறுக்கிக் காட்டாதே. வளைவை இங்கே ஏற்று, பார்க்கிறேன்.