நாய்க்குத் தயிர்: கிருமி உயிரோட குடலுக்குப் போகுதா, இல்லையா?

நுண்ணோக்கி: "தினமும் தயிர் வைங்க, நாய்க்குக் குடல் நோயே அண்டாது"ன்னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருந்தார். அதுக்கு லைக் மழை வேற. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தயிர்ல இருக்கிற லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ்ங்கற கிருமி உயிரோட குடலுக்குப் போகுதா? முதல்ல வயிற்று அமிலம், அப்புறம் பித்தநீர். ரெண்டையும் தாண்டினாலும் அங்க குடியேறாது.

தயிர்ச்சட்டி: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். தயிர் வச்சதும் எங்க நாய்க்கு வயித்துப்போக்கு நின்னுச்சு. விஞ்ஞானி மெச்னிகாஃபே தயிரைத்தான் சொன்னார், 1908ல நோபல் வாங்கினவர்!

நுண்ணோக்கி: நோபல் கொடுத்தது நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு, தயிருக்கு இல்ல. வயித்துப்போக்கு பல சமயம் தானாவே நிக்கும். உயிரோட போகுதா?

கன்றுமேய்ப்பன்: எந்த மிருகம்னே பேசாம சண்டையா? பால்குடிக் கன்னுக்குப் பால் நேரா நாலாவது இரைப்பைக்குப் போயிடும். வளர்ந்த மாட்டுக்கு முதல் இரைப்பையில இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டமே வேற, அதுக்கு ஈஸ்ட் கொடுக்கறாங்க. புரோபயாட்டிக்னா என்னன்னு 2001லயே உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் வரையறுத்தாச்சு: உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவு, உடம்புக்கு நன்மை. அதுல இருந்து தொடங்கலாமே?

நுண்ணோக்கி: வரையறை கிடக்கட்டும். உயிரோட போகுதா?

வழிப்போக்கன்: 2011ல வந்த ஒரு ஆய்வுல, புளிச்ச பால்ல இருக்கிற கிருமிகளை எலிக்குக் கொடுத்தாங்க. குடல்ல ஏற்கெனவே இருந்த கூட்டத்தோட கலவை பெரிசா மாறல. ஆனா அதுங்க மாவுச்சத்தை உடைக்கிற மரபணுக்களோட வேலை மாறியிருக்கு. குடியேறாமலே காரியம் நடக்கலாம் சார்.

நுண்ணோக்கி: எலி! நாயைக் கேட்டா எலியைக் காட்டறார். நாய்த் தீவனத்துல சேக்கறது என்டரோகாக்கஸ் ஃபேசியம். அது தயிர்க் கிருமியா?

மீசைப்பூனை: நடுவுல ஒண்ணு. சைலிடால்ங்கற சர்க்கரை மாற்று போட்ட இனிப்புத் தயிரை நாய்க்கு வச்சுடாதீங்க, அது விஷம்.

தயிர்ச்சட்டி: இனிப்புத் தயிர்னு நான் எங்க சொன்னேன்? ஆளாளுக்கு என் வாயில வார்த்தையைத் திணிக்கறீங்க!

நுண்ணோக்கி: உண்ணி போகணும்னு நாய்க்குப் பூண்டு கொடுக்கச் சொன்னதும் நீங்கதானே? பூண்டு ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும்னு சொன்ன என்னை பிளாக் பண்ணீங்க.

தயிர்ச்சட்டி: பழைய கணக்கா? நீங்க என்ன கால்நடை டாக்டரா?

கன்றுமேய்ப்பன்: மாட்டைப் பத்தி யாருமே பேச மாட்டீங்களா?

நுண்ணோக்கி: டாக்டர்னு நான் எப்ப சொன்னேன்? கேள்வி அப்படியே நிக்குது.

தயிர்ச்சட்டி: போகுது. உயிரோடதான் போகுது. எழுதி வச்சுக்குங்க.

நுண்ணோக்கி: எந்தக் கிருமி, எத்தனை கோடி? அதையும் எழுதிக் கொடுங்க, வச்சுக்கறேன்.