படுக்கையில் இருக்கும் யூதப் பெரியவருக்குக் கைகழுவ நான் நீர் ஊற்றலாமா?

கேள்வி

வணக்கம். இஸ்ரேலின் ப்னே பராக் நகரில் 87 வயதான யூதப் பெரியவர் ஒருவரை ஐந்து மாதங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் படுக்கையை விட்டு இறங்க முடிவதில்லை. விடியற்காலையில் கண் விழித்ததும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வார். அதன்பின் நான் கட்டிலருகே பேசினை வைத்து, இரண்டு கைப்பிடிகள் கொண்ட ‘நட்லா’ என்னும் குவளையால் அவர் கைகளில் நீர் ஊற்ற வேண்டும். வலம், இடம் என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. ரொட்டி சாப்பிடுவதற்கு முன்போ வலக்கைக்கு இரண்டு முறை, பிறகு இடக்கைக்கு இரண்டு முறை.

சென்ற வாரம் காலையில் பேசினில் சேர்ந்த நீரை வீணாக்க மனமில்லாமல் பால்கனியில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றினேன்; அதைக் கண்டு அவர் பதறிப்போனார். அன்று மதியமே, கைகழுவி முடித்தவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் விரலை மட்டும் அசைத்தார். நான் ஊற்றுவதால்தான் ஏதேனும் குறை நேர்கிறதோ என்று கலங்குகிறேன். யூதரல்லாத ஒருவர் ஊற்றினால் அந்தக் கழுவல் செல்லுமா? அவரது இடக்கையில் ஊசிக் குழாயின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதை அகற்றாமல் கழுவலாமா?

மறுமொழி 1

அன்புச் சகோதரி, நீங்கள் ஊற்றுவது செல்லும்; இதில் ஐயமே வேண்டாம். யோசேப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் முதன்முதலாக அச்சேறிய ‘ஷுல்ஹான் அருக்’ என்னும் சட்டத் தொகுப்பு, கைகளில் நீர் ஊற்ற எல்லோரும் தகுதியுடையவர்கள் என்று சொல்லி, யூதரல்லாதவரையும் பெயர் சொல்லியே அதில் சேர்க்கிறது. அதற்கும் முந்தைய, ‘மிஷ்னா’ என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பில் குரங்கு ஊற்றினால் செல்லுமா என்றுகூட விவாதித்திருக்கிறார்கள். செல்லும் என்பது ஒரு கருத்து, ரப்பி (யூத மதகுரு) யோசேயோ மறுக்கிறார். உணவுக்கு முன்பான கழுவலில் சட்டம் உற்றுப் பார்ப்பது, ஓட்டையில்லாத பாத்திரத்திலிருந்து நீர் ஊற்றப்பட்டதா, ‘ரெவியித்’ என்னும் அளவு நீர் இருந்ததா, நீரின் நிறம் மாறாமல் இருந்ததா, அதைக் கொண்டு முன்பே வேறு வேலை ஏதும் செய்யப்பட்டதா என்பவற்றைத்தான். ரெவியித் என்பது ஒரு கணக்கின்படி ஏறத்தாழ 86 மில்லிலிட்டர், இன்னொரு கணக்கின்படி 150. குவளையை நிறைய நிரப்பிக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

காலைக் கழுவலில் மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலையில் தம் கைகளைக் கழுவாத ஒருவரிடமிருந்து நீர் பெறக் கூடாது என்று அதே நூல் சொல்கிறது. ஆகவே முதலில் உங்கள் கைகளை அவர் கண்ணெதிரே கழுவிக்கொள்ளுங்கள். ஜெருசலேமில் நான் பார்த்துக்கொண்ட அம்மையார், நான் கழுவி முடிக்கும்வரை தம் கைகளைப் போர்வைக்குள்ளேயே வைத்திருப்பார். காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மறுமொழி 2

பூந்தொட்டி விஷயத்தில் பெரியவர் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. உறக்கத்தின்போது கைகளில் ஒரு தீய ஆவி படிகிறது என்றும், மூன்று முறை நீர் ஊற்றும்போது அது நீங்குகிறது என்றும், மிஷ்னாவையும் அதன்மீதான விவாதங்களையும் கொண்ட ‘தால்முத்’ நூலின் மரபு கருதுகிறது. அதனால் அந்த நீரிலிருந்து எந்தப் பயனும் பெறக் கூடாது, வீட்டுக்குள்ளோ மனிதர் நடமாடும் இடத்திலோ கொட்டக் கூடாது என்பது விதி. செடிக்கு ஊற்றுவதும் பயன்பெறுவதாகவே ஆகும். நீரை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது சட்டென்று மனத்தில் ஏறாது, உங்கள்மீது குற்றமில்லை. கழிவுக் குழாயில் ஊற்றிவிடுங்கள்.

இதே காலைக் கழுவலுக்கு 13-ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் வாழ்ந்த ரஷ்பா என்னும் யூத அறிஞர் வேறொரு காரணம் சொல்கிறார். உறங்கி எழும் மனிதன் புதிதாகப் படைக்கப்பட்டவன். ஆகவே யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் ஆரோனும் அவர் மக்களும் வெண்கலத் தொட்டியில் கைகால் கழுவிய பின் இறைப்பணிக்குச் சென்றதைப்போல, அவனும் கழுவிவிட்டே அன்றைய பணியைத் தொடங்க வேண்டும். எனக்கு இந்த விளக்கமே நெருக்கமானது.

கைகழுவும் முன் அவர் முணுமுணுப்பது ‘மோதே அனி’யாக இருக்கும்: உயிரைத் திருப்பித் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறும் 12 எபிரேயச் சொற்கள். அதில் இறைவனின் திருப்பெயர் வராததால் கழுவாத கைகளோடும் சொல்லலாம்.

மதியம் அவர் பேசாமல் இருந்தது கோபத்தால் அன்று. உணவுக்கு முன்பான கழுவலுக்கும் ரொட்டிக்கான துதிமொழிக்கும் இடையே பேச்சால் இடைவெளி விடக் கூடாது என்று பலர் கவனமாக இருப்பார்கள். துதிமொழி சொன்னபின் முதல் கவளத்தை விழுங்கும்வரை இன்னும் கண்டிப்பு. தேநீரை அதற்குப் பிறகு கேளுங்கள்.

மறுமொழி 3

பிளாஸ்திரி பற்றி யாரும் சொல்லவில்லையே. மோதிரம் போன்று நீருக்கும் தோலுக்கும் இடையே நிற்கும் பொருள்களைக் கழற்ற வேண்டும் என்பது பொது விதி. ஆனால் புண்ணின்மேல் போட்ட கட்டை அகற்ற வலி தடையாக இருந்தால், மூடியிருக்கும் பகுதியை விட்டுவிட்டு எஞ்சிய கையைக் கழுவினால் போதும். அந்தக் கைக்குக் குவளை நீரை விட்டு விட்டு ஊற்றாமல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பிளாஸ்திரி நனையாதபடி விரல்களைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷஹரித் என்னும் காலைப் பிரார்த்தனையையும் படுத்தபடியே சொல்ல அவருக்கு அனுமதி உண்டு. நிற்க இயலாத நோயாளி மனத்தை ஒருமுகப்படுத்த முடிந்தால் ஒருக்களித்துப் படுத்தும் பிரார்த்திக்கலாம். ப்னே பராக்கிலிருந்து ஜெருசலேம் தென்கிழக்கில் இருக்கிறது. கட்டிலைத் திருப்ப இடமிருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை முதலில் என் கைகளைக் கழுவினேன். அவர் புன்னகைத்துத் தம் கைகளை நீட்டினார். அவர் முகம் ஜன்னலை நோக்கும்படி, கட்டிலின் கால்பக்கத்தை மாலையில் அவர் மகனுடன் சேர்ந்து ஜன்னல் பக்கமாகத் திருப்பப் போகிறோம். தென்கிழக்கு அந்தப் பக்கம்தான்.