ஆர்டருக்குச் சரக்கு எடுக்க ஊழியரின் சொந்த போனா, கடை தரும் பூட்டிய போனா?

கல்லாப்பெட்டி:
மதுரையில் எங்களுக்கு இரண்டு மளிகை சூப்பர்மார்க்கெட். வீட்டு டெலிவரி ஆர்டர் மூன்று வழியில் வருகிறது: வாட்ஸ்அப், எங்கள் ஆப், நேரடி போன். மூன்றையும் ஊழியர்கள் அவரவர் சொந்த போனில் பார்த்துத்தான் சரக்கு எடுக்கிறார்கள். ஒரே பட்டியலுக்கு இரண்டு பேர் பை கட்டிவிடுகிறார்கள். இன்னொருவர் எடுத்திருப்பார் என்று நினைத்து யாருமே எடுக்காமல் விடுவதும் நடக்கிறது. மாத முதல் வாரத்தில் சமாளிக்கவே முடிவதில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் போனில் வாடிக்கையாளர் முகவரியும் நம்பரும் அப்படியே இருக்கின்றன.

ஸ்கேனர் உள்ள ஆண்ட்ராய்டு கருவிகளையும், அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்.டி.எம். மென்பொருளையும் தருவதாக ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. கருவியில் எங்கள் ஆர்டர் ஆப் தவிர வேறெதுவும் திறக்காது. வாங்கலாமா? வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

பார்கோடு பாண்டி:
தாராளமாக வாங்கலாம் சார். கடைகளுக்கு இதை அமைத்துத் தருவதுதான் என் வேலை.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், ஒரு ஆர்டர் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது எங்கேயும் பதிவாகாததுதான். வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் போட்டால் அது பதிவாகாது. கருவியில் ஒருவர் ஆர்டரைத் திறந்ததும் மற்றவர்கள் திரையிலிருந்து அது மறைந்துவிடும். ஒவ்வொரு பொருளையும் ஸ்கேன் செய்தால்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். அரைக் கிலோ துவரம்பருப்புக்குப் பதில் ஒரு கிலோ எடுத்தால் அங்கேயே சத்தம் போடும்.

இதைச் சொந்த போனில் செய்யக்கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் எல்லோரிடமும் ஆப்பின் ஒரே பதிப்பு இருக்காது. ஒருவர் அப்டேட் செய்திருப்பார், இன்னொருவர் போனில் இடமே இருக்காது. பழைய பதிப்பில் ரத்து செய்த ஆர்டர்கூட உயிரோடு தெரியும். எம்.டி.எம். இருந்தால் கடை மூடிய பிறகு இரவிலேயே எல்லாக் கருவிக்கும் புதுப் பதிப்பை ஏற்றிவிடலாம். கருவி தொலைந்தால் இருந்த இடத்திலிருந்தே அழிக்கலாம். அமைப்பதும் சுலபம்: புதுக் கருவியின் வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டினால் கேமரா திறக்கும். கியூஆர் கோடைக் காட்டினால் போதும், மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும்.

ஷிப்ட்டு செல்வி:
நான் வேறு ஊரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஆர்டருக்குச் சரக்கு எடுக்கும் வேலை பார்க்கிறேன். எங்களிடம் பாண்டி அண்ணா சொல்லும் கருவி இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கருவி வந்த அன்றே எங்கள் சொந்த போனை லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். பள்ளியிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாலும் சாப்பாட்டு நேரம் வரை தெரியாது. முந்தைய ஷிப்ட்டில் சார்ஜ் போடாமல் வைத்துவிட்டுப் போன கருவி நம் கைக்கு வரும், தாமதம் நம் பெயரில் விழும். திரையில் கீறல் இருந்தால் கடைசியாக எடுத்தவர் யார் என்று பார்த்துச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் ஒரு ஆர்டரை முடித்த நொடியே அடுத்தது திரையில் வந்து, நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. முன்பு ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் மூச்சு வாங்க இடம் இருந்தது. அதைத்தான் இந்தக் கருவி எடுத்துக்கொண்டது. ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை. ஆர்டர் சீக்கிரம் போகிறது என்பது உண்மைதான். யார் காலில் போகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிடங்கு மணியம்:
செல்வி சொல்வது சரிதான்மா. என் ஆட்சேபம் வேறு. மளிகைக் கிடங்கு பார்த்தே தலை நரைத்தவன் நான். சார், உங்களுக்கு போன் பிரச்சினையே இல்லை. ஸ்டாக் கணக்குத்தான் பிரச்சினை.

காலையில் லாரியில் இறங்கிய சரக்கு கணினியில் எப்போது ஏறுகிறது? பெரும்பாலான கடைகளில் சாயங்காலம்தான். எலி கடித்த மூட்டை, உடைந்த பாட்டில், எக்ஸ்பைரி ஆகித் தனியே எடுத்து வைத்த பிஸ்கட் எல்லாம் கணக்கில் இன்னும் ரேக்கில்தான் இருக்கும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கட்டின சோப்பு கணக்கில் ஒன்றா இரண்டா? ஆப்பில் ‘இருக்கிறது’ என்று காட்டும், வாடிக்கையாளர் ஆர்டர் போடுவார், ஊழியர் போய்ப் பார்த்தால் ரேக் காலியாக இருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கருவி கொடுத்தாலும் அந்தக் காலி ரேக்கைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

லூஸ் அயிட்டத்தையும் பாருங்கள். கம்பெனி பாக்கெட்டின் பார்கோடு நம் நாட்டில் பெரும்பாலும் 890-ல் தொடங்கும். நம் தராசு அடிக்கும் லேபிள் 2-ல் தொடங்கும், எடையோ விலையோ அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். பல ஆர்டர் ஆப்புகளுக்கு இதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. ஒரு கிலோ தக்காளி கேட்டவருக்கு 1 கிலோ 40 கிராம் போட்டால் 'தவறான பொருள்' என்று நின்றுவிடும். ஊழியர் என்ன செய்வார்? ஸ்கேனைத் தாண்டிப் போகும் பொத்தானைத் தேடுவார். அது பழகிவிட்டால் பருப்புக்கும் அதே பொத்தான்தான்.

கருவிக்குப் போடும் பணத்தில் முதலில் ஸ்டாக் எடுக்க இரண்டு ஆள் போடுங்கள்.

பார்கோடு பாண்டி:
மணியம் ஐயா, ஸ்டாக் கணக்கு சரியாக இல்லை என்பதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதைச் சரிசெய்யவும் இந்தக் கருவிதான் வேண்டும். பின்வாசலில் சரக்கு இறங்கும்போதே பெட்டியை ஸ்கேன் செய்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். ஊழியர் ஒரு ரேக்கில் 'இல்லை' என்று அழுத்தியதும் ஆப்பில் அந்தப் பொருள் மறைய வேண்டும், கிடங்குக்காரருக்கு 'போய் எண்ணிப் பார்' என்று தகவல் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கடையை மூடி எண்ணுவதைவிட தினமும் இரண்டு ரேக் எண்ணுவது மேல். சொந்த போனின் கேமராவில் ஐம்பது பெட்டி ஸ்கேன் செய்யச் சொல்லிப் பாருங்கள், பேட்டரியும் பொறுமையும் சேர்ந்து தீரும்.

வாடிக்கையாளர் விவரமும் சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். மளிகைக் கடைக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போனவர் போனில் ஆயிரம் வீட்டு முகவரி கிடப்பதற்குக் கடைதான் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய கடைகள் இதில் எப்போதோ இறங்கிவிட்டன. வால்மார்ட் 2021-ல் அமெரிக்காவில் 7,40,000 ஊழியர்களுக்கு சாம்சங் போன் தருவதாக அறிவித்தது.

ஷிப்ட்டு செல்வி:
அண்ணா, அந்த வால்மார்ட் விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள். அந்த போனை ஊழியர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்த போனாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேலை சம்பந்தப்பட்ட வசதி ஷிப்ட்டில் வருகை போட்டால்தான் திறக்கும், தனிப்பட்ட விவரங்களைப் பார்க்க மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். நீங்கள் விற்பது ஷிப்ட்டுக்கு ஷிப்ட்டு கை மாறும் பூட்டிய கருவி. இரண்டும் ஒன்றில்லை.

நெட்வொர்க் நாகா:
நான் கடைகளுக்கு வைஃபை போடுகிறவன். கருவி வேண்டும் என்கிற பக்கம்தான் நான். ஆனால் விலைப்பட்டியலோடு வரும் நிறுவனம் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு.

முதலாவது, குளிர் அறை. சுற்றிலும் உலோகத் தகடு, உள்ளே போனால் சிக்னல் போய்விடும். பாலும் பன்னீரும் ஐஸ்கிரீமும் அங்கேதான். நெட் இல்லாதபோது ஸ்கேனை உள்ளேயே சேமித்து, வெளியே வந்ததும் அனுப்பும் ஆப்பா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊழியர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஸ்கேன் செய்வார், குளிரும் போகும்.

இரண்டாவது இன்னும் மோசம். ஒரு கடையில் பாதுகாப்புக்காக வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார்கள். புதுப் பாஸ்வேர்டை முன்கூட்டியே எம்.டி.எம். வழியாகக் கருவிகளுக்கு அனுப்பவில்லை. எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் நெட்டை இழந்தன. ஒரே ஆப்பை மட்டும் திறக்க விடும் கியாஸ்க் பூட்டில் இருந்ததால் செட்டிங்ஸ் திறக்காது, கையால் பாஸ்வேர்டு போட முடியாது. நெட் இல்லாததால் தூரத்திலிருந்து பூட்டையும் எடுக்க முடியாது. பொங்கலுக்கு முந்தைய நாள் அது. பழைய பெயரில், பழைய பாஸ்வேர்டில் ஒரு ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஒவ்வொன்றாக மீட்டோம். பூட்டும்போதே அவசரத்துக்குத் திறக்க ஒரு குறியீட்டை வாங்கி மேலாளர் கையில் கொடுத்து வையுங்கள்.

கிடங்கு மணியம்:
கருவியின் ஆயுளையும் கேளுங்கள் சார். கையடக்கக் கருவிகளில் ஓடிய பழைய விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. ஸ்கேனர், பொத்தான், பேட்டரி எல்லாம் நன்றாக இருந்தும் பல கடைகள் கருவியை மாற்ற வேண்டியதாயிற்று. பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கல்லாப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. செலவைப் பார்த்தால் எனக்கு ஒரு நடுவழி தோன்றுகிறது. ஊழியரின் சொந்த போனிலேயே வேலைக்கென்று தனிப் பகுதி வைக்கலாமாமே? அதைச் செய்தால் என்ன?

பார்கோடு பாண்டி:
வொர்க் புரொஃபைல் என்பார்கள், ஆண்ட்ராய்டு 5-லிருந்து இருக்கிறது. வேலை ஆப்புகள் தனியே பெட்டி அடையாளத்தோடு இருக்கும். ஊழியரின் போட்டோ, மெசேஜ் எதையும் கடையால் பார்க்க முடியாது. வேலையை விட்டால் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம். ஷிப்ட் முடிந்ததும் ஊழியரே அதை அணைத்து வைக்கலாம். வாடிக்கையாளர் விவரக் கவலை இதிலேயே பெரும்பாலும் தீரும்.

டெலிவரி பையன்களுக்கும் சூப்பர்வைசருக்கும் இதைப் போடுங்கள். சரக்கு எடுப்பவர்களுக்கு வேண்டாம். நாள் முழுக்க ஸ்கேன் செய்யும் வேலைக்கு ஒருவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய போனைத் தேய விடுவது நியாயமும் இல்லை.

ஷிப்ட்டு செல்வி:
கடைசி வரியை ஏற்கிறேன். அப்படியென்றால் கடைக் கருவிக்கும் சில நிபந்தனை போடுங்கள் சார்.

கீறலுக்குச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலேயே, பொருள் சேதத்துக்குப் பிடித்தம் செய்ய வேண்டுமென்றால் அது ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்று இருக்கிறது. கடைசியாக எடுத்தவர் பெயரைப் பார்த்துப் பிடிப்பது அதில் வராது. சொந்த போனை சைலன்ட்டில் பையில் வைத்துக்கொள்ள விடுங்கள். 'பொருள் இல்லை' என்று அழுத்தினால் அதை என் தவறாக எண்ணாதீர்கள். எண்ணினால் யாரும் அழுத்த மாட்டார்கள், வேறு பிராண்டைப் பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள், திட்டு டெலிவரி பையனுக்கு விழும்.

பார்கோடு பாண்டி:
இந்த மூன்றும் சரி. ஆனால் அடுத்து, யார் எவ்வளவு நேரத்தில் எடுத்தார்கள் என்ற பதிவே வேண்டாம் என்று கேட்டால் நான் ஒப்ப மாட்டேன். எண்ணெய் ரேக் எங்கோ மூலையில் இருப்பதால் எல்லோரும் அங்கே நேரம் இழக்கிறார்கள் என்பது அந்தப் பதிவில்தான் தெரியவரும்.

ஷிப்ட்டு செல்வி:
ரேக் வாரியாகப் பாருங்கள், ஆள் வாரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் காரணத்துக்கு அதுவே போதும். பெயர் போட்டுப் பலகையில் ஒட்டும் கடைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பார்கோடு பாண்டி:
தவறான பொருள் போனால் யார் எடுத்தது என்று கடை தெரிந்துகொள்ள வேண்டாமா? பெயர் இல்லாமல் எப்படி முடியும்?

ஷிப்ட்டு செல்வி:
அந்த ஒரு ஆர்டருக்குப் பாருங்கள், மறுக்கவில்லை. வேகத்தை வரிசைப்படுத்த அதை எடுக்காதீர்கள் என்கிறேன்.

நெட்வொர்க் நாகா:
இந்தச் சண்டைக்கு நடுவே ஒன்று விட்டுப்போகிறது. வாட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் ஆர்டரை யார் ஆப் வரிசையில் ஏற்றுவது? ஒருவரை உட்கார வைத்து வந்ததும் ஏற்றினால்தான் கருவியில் தெரியும். இல்லையென்றால் ஆப் ஆர்டர் கருவியில் ஒழுங்காக ஓடும், மற்றவை பழையபடி துண்டுச் சீட்டில் ஓடும்.

கல்லாப்பெட்டி:
அதற்கு ஒரு ஆள் வேண்டும், புரிகிறது.

இரண்டு கடைக்கும் ஒரேயடியாக வாங்கப் போவதில்லை. சின்னக் கடையில் பின்வாசலுக்கும் சரக்கு எடுப்பவர்களுக்கும் மட்டும் கருவி. டெலிவரிக்கு வொர்க் புரொஃபைல். மணியம் ஐயா சொன்னதற்காக, லாரி இறங்கும்போதே ஸ்கேன் செய்வது ஒழுங்காக நடக்கும் வரை ஆர்டர் எடுக்கக் கருவியைத் தர மாட்டேன். தராசு லேபிளைப் படிக்கிறதா என்று என் கடைத் தக்காளியை வைத்தே அந்த நிறுவனத்திடம் சோதித்துக் காட்டச் சொல்கிறேன். சேதத்துக்குப் பிடித்தம் இல்லை, சொந்த போன் பையில் இருக்கலாம். இரண்டையும் எழுதி ஒட்டிவிடுகிறேன். வேகக் கணக்கை ஆள் பெயரோடு நான் பார்ப்பேனா என்பதை ஊழியர்களிடம் பேசிவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

ஷிப்ட்டு செல்வி:
பேசும்போது சூப்பர்வைசரை வெளியே இருக்கச் சொல்லுங்கள் சார்.

கிடங்கு மணியம்:
பின்வாசலில் ஸ்கேன் செய்ய நிழலான இடமும் ஒரு மேசையும் போடுங்கள். சித்திரை வெயிலில் திரையே தெரியாது.