கருகிய ஹெட்லைட் சொக்கட்: பல்பின் காலில் ஈயம் வைக்கலாமா?

நானுஓயா வயர்காரன்:
"கருகிய சொக்கட்டை வெட்டி எறியுங்கள், வயரை நேரே பல்பின் காலில் ஈயம் வைத்து ஒட்டுங்கள், ஆயுளுக்கும் தொல்லையில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இறம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் இறங்குகிறவனுக்குச் சொல்கிற யோசனையா இது? ஹலோஜன் பல்பின் கண்ணாடி 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும். சாதாரண ஈயப்பற்று 190 பாகையிலேயே இளகிவிடும். பல்பின் காலில் ஈயம் வைக்கவே கூடாது.

கொட்டகலைச் சாரதி:
எழுதியவன் நான்தான். கண்ணாடியின் சூடு அப்படியே காலுக்கு இறங்குகிறதா? சொக்கட் கருகுவது பிடி தளர்வதால். ஈயத்தில் தளர்வு ஏது? என் காரில் இன்றும் எரிகிறது.

நானுஓயா வயர்காரன்:
எரிகிறது, சரி. அந்தப் பல்ப் நள்ளிரவில் நடுவழியில் அணைந்தால் எதைக் கொண்டு கழற்றுவீர்கள்? சூட்டுக்கோலையும் காரில் வைத்திருக்கிறீர்களா?

அப்புத்தளை வாசகி:
என்ன பல்ப் போட்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லையே. எச்4 வகைப் பல்ப் என்றால் 60/55 வாட், அதாவது தூரத்து வெளிச்சமான ஹைபீமுக்கு 60, கிட்டத்து வெளிச்சமான லோபீமுக்கு 55; ஏறக்குறைய 5 அம்பியர். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 100/90 போட்டால் 8 அம்பியரைத் தாண்டும். தளர்ந்த இடத்தில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும்.

கொட்டகலைச் சாரதி:
100 வாட் இல்லாமல் எங்கள் பக்கத்துப் பனியில் ஒரு முழம்கூடத் தெரியாது. பனியென்றால் என்னவென்று நானுஓயாக்காரருக்குத் தெரியாது போலும்.

நானுஓயா வயர்காரன்:
நானுஓயாவில் பிறந்தவனிடம் பனியைப் பற்றிப் பேசுகிறீர்களா! பனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரே நிற்கும், 100 வாட் அந்தச் சுவரை இன்னும் வெளுப்பாக்கும். முறையான வேலையைச் சொல்கிறேன். வயரின் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்துப்போயிருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது. பிறகு பீங்கான் சொக்கட், நசுக்கிப் பொருத்திய இணைப்பு, பற்றரியிலிருந்து பியூஸுடன் ரிலே, அதாவது விளக்குச் சுவிட்ச் இயக்க, பற்றரி மின்சாரத்தை நேரே பல்புக்கு விடும் மின்சுவிட்ச். மூன்று கால்களில் எர்த் காலை முதலில் பாருங்கள். லோபீமுக்கும் ஹைபீமுக்கும் அது ஒன்றுதான்.

ஹட்டன் தம்பி:
அண்ணன், நசுக்கும் குறடு எல்லாக் கராஜிலும் கிடையாது. எங்கள் பாஸ் சாதாரணக் குறட்டால்தான் நெரிக்கிறார். இழுத்தால் கையோடு வருகிறது. அதற்கு ஈயமே மேல் இல்லையா?

நானுஓயா வயர்காரன்:
வயரோடு வயரைச் சேர்க்க ஈயம் வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பல்பின் காலில் வைக்காதே என்கிறேன், தம்பி. பல்பின் காலில்!

கொட்டகலைச் சாரதி:
கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் சூடாவது பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கத்தினீர்கள். இரண்டாம் கியர் போதும் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நானுஓயா வயர்காரன்:
பிரேக் கதையை இங்கே இழுக்காதீர்கள். இரண்டாம் கியர் என்று முதலில் எழுதியவன் நான்; பழைய பதிவு அப்படியே கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்புத்தளை வாசகி:
போட்டிருப்பது எத்தனை வாட் என்பதை இன்னும் சொல்லவில்லையே?

கொட்டகலைச் சாரதி:
எத்தனை வாட்டாக இருந்தால் உங்களுக்கென்ன? எரிகிறது.

நானுஓயா வயர்காரன்:
அணைந்தால் எப்படிக் கழற்றுவீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.