மறு: கிளட்ச் ஸ்லிப், கிளட்ச் டிராக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ஏடிவி வண்டிகளுக்கான பழுதறியும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கிளட்ச் ஸ்லிப்புக்கு ‘வழுக்கல்’, கிளட்ச் டிராகுக்கு ‘இழுவை’, கிளட்சுக்கு ‘உரசிணைப்பி’ என்று போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

வணக்கம்.

மூன்றிலுமே எனக்குத் தயக்கம் உண்டு. அதிகத் தயக்கம் ‘இழுவை’யில். ஏடிவி என்பதே சேற்றிலும் மேட்டிலும் சுமை இழுக்கிற வண்டி. உங்கள் கையேட்டில் இழுவைத் திறன், இழுவைக் கொக்கி என்று அடிக்கடி வரத்தான் போகிறது. அங்கெல்லாம் இழுவை நல்ல குணம். கிளட்ச் பகுதியில் மட்டும் அது நோயின் பெயராகிவிட்டால்? ‘வண்டியில் இழுவை இருக்கிறது’ என்று போய்ச் சொன்னால், ‘நல்லதுதானே’ என்பார் மெக்கானிக்.

இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. டிராக் என்னும் பழுதில் நடப்பது என்ன? கிளட்ச் விடவேண்டிய நேரத்தில் முழுதாக விடுவதில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி மெல்ல நகரும். முன்கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றினால் கடகடவென்று பல் உரசும். இன்ஜினை அணைத்துவிட்டு மாற்றினால் அதே கியர் சுகமாக விழும். இந்தக் கடைசி வித்தியாசம்தான் முக்கியமான தடயம். அணைத்த பிறகும் விழவில்லை என்றால் கியர் மாற்றும் கம்பிகளையோ கியர்பெட்டியையோதான் சந்தேகிக்க வேண்டும். கிளட்சைத் திட்டிப் பயனில்லை.

விடவேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: விடாப்பிடி. புதிதாக ஆக்கவே வேண்டாம். ‘கிளட்ச் விடாப்பிடி’ என்றால், ஐடிலிங் வேகம் (இன்ஜின் சும்மா ஓடும் வேகம்) கூடிப் போயிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்து, சுழற்சியில் விரிந்து கிளட்சைப் பிடிக்கவைக்கும் எடைகள் முன்னதாகவே விரிகின்றனவா, தட்டு வளைந்திருக்கிறதா என்று தேடும் திசையும் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது ‘வழுக்கல்’. கால் வழுக்கும், கை நழுவும். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. வண்டிக்கு டயர் கால், கிளட்ச் கை. சேற்றில் சக்கரம் சுற்றி வண்டி நகராதது வழுக்கல். இன்ஜின் உறுமியும் சக்கரம் அதற்கேற்பச் சுற்றாதது நழுவல். ஏடிவி ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே நாளில் நேரும்; ஒரே சொல்லைக் கொடுத்தால் டயரை மாற்றிவிட்டு வந்து கையேட்டைத் திட்டுவார்.

கை லீவர் உள்ள வண்டிகளில் இந்த இணை இன்னும் அழகாகப் பொருந்தும். லீவரின் முனையில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். பல கையேடுகளில் 10 முதல் 20 மி.மீ. வரை. அது கூடினால் விடாப்பிடி, அற்றுப்போனால் நழுவல். எண்ணெயில் ஊறும் கிளட்சில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை ஊற்றினாலும் நழுவும். அதனால்தான் டப்பாவில், இவ்வகைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ குறியைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

இனி உண்மையான சிக்கல். இரு கப்பிகளுக்கு இடையே ஓடும் பெல்ட்டால் வேக விகிதம் மாறும் பெல்ட் வண்டிகளில் கிளட்ச் எது? 1958இல் வந்த டாஃப் 600 காரில் கிளட்ச் தனி, பெல்ட் ஏறி இறங்கும் கப்பிகள் தனி. யமஹா கிரிஸ்லி ஏடிவியிலும் அப்படித்தான்: பெல்ட் எப்போதும் இறுகியே இருக்கும், கிளட்ச் எண்ணெயில் தனியே இருக்கும். ஆனால் போலாரிஸ் வகை வண்டிகளில் இன்ஜின் சும்மா ஓடும்போது முன்கப்பியின் இரு தட்டுகளும் விலகி நிற்கும், பெல்ட் பிடியின்றிக் கிடக்கும். வேகம் கூடினால் எடைகள் தட்டை நெருக்கிப் பெல்ட்டைக் கவ்வும். கப்பியே கிளட்சின் வேலையைப் பார்ப்பதால் போலாரிஸ்காரர்கள் அதையே கிளட்ச் என்கிறார்கள். இரண்டு வகைக்கும் ‘கிளட்ச்’ என்று எழுதிவிட்டுப் போனால் பழுதறிதல் தடம் புரளும். போலாரிஸ் வகையில் பெல்ட் நழுவினால் ரப்பர் கருகிய நாற்றம் வரும். எண்ணெய்க் கிளட்ச் நழுவினால் அந்த நாற்றம் வராது. அதனால் பெல்ட்டைக் கவ்வி விடுகிற கப்பிக்கு ‘பற்றுகப்பி’ என்று தனிப்பெயர் வைக்கலாம். கிளட்ச் தனியாக உள்ள வண்டியில் அது வெறும் முன்கப்பி.

நீரோடையைக் கடந்ததும் நழுவுகிறதா? பெல்ட் பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்து நீரை விட்டு, நியூட்ரலில் சற்று நேரம் இன்ஜினை உறும விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் நழுவினால்தான் பெல்ட்டின் அகலத்தையும் பின்கப்பியின் ஸ்பிரிங்கையும் அளக்க வேண்டும்.

இன்னொன்று. வண்டி எங்காவது சிக்கிச் சக்கரம் சுற்றாத நிலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், நகராத பெல்ட்டின் ஒரே இடத்தைப் பற்றுகப்பி தேய்த்துத் தள்ளிவிடும். அந்த இடம் மட்டும் உடுக்கைபோல் இடுப்பு ஒடுங்கும். பிறகு மெதுவாகப் போகும்போது பெல்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கல். இதற்குத் ‘துடியிடைத் தேய்வு’ என்று வைக்க ஆசை. புலவர்கள் மன்னிக்கட்டும்.

உரசிணைப்பி பற்றிச் சுருக்கமாக: பல்லோடு பல் கோத்துப் பிடிக்கும் நாய்ப்பல் கிளட்ச் உரசாது. நீளமான சொல் வேறு. கிளட்சைக் கிளட்சாகவே விடுங்கள்.

---

> நழுவல் சரி. பற்றுகப்பியும் பிடித்திருக்கிறது. விடாப்பிடி மனிதர்களின் குணம் அல்லவா? கலைச்சொல்லாக வைத்தால் சிரிப்பு வராதா? துடியிடையோ இன்னும் மோசம்.

ஊசிக்குக் காது, பானைக்குக் கழுத்து, தேங்காய்க்குக் கண் வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. முரண்டு பிடிக்கும் பூட்டு என்று தினமும் சொல்கிறோம். ஒரு கிளட்சுக்கு மட்டும் குணம் இருக்கக் கூடாதா? துடியிடையை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். ‘உடுக்கைத் தேய்வு’ என்று போடுங்கள், படம் மனதில் நிற்கும்.

> அப்படியானால் ஜட்டருக்கு? பிடிக்கவும் செய்கிறது, விடவும் செய்கிறது, ஆனால் கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது.

ஓட்டுபவர்கள் ‘உதறுகிறது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘உதறல்’ என்றே இருக்கட்டும். விளக்கத்தில் மட்டும் ஒரு வரி சேருங்கள்: கிளம்பும் நேரத்தில் மட்டும் வருவது; ஓடும்போதும் தொடர்ந்தால் கிளட்சைத் தாண்டியும் தேட வேண்டும்.

---

நன்றி ஐயா. கோப்பு முழுவதும் ‘இழுவை’யைத் தேடி ‘விடாப்பிடி’ என்று ஒரே தட்டில் மாற்றினேன். இப்போது ஆறாம் பக்கத்தில் வண்டியின் பின்புறம் ‘விடாப்பிடிக் கொக்கி’ தொங்குகிறது. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன், நாளை இரவு மறுபடி அனுப்புகிறேன்.