கையடக்க .32 ரிவால்வர்: சின்னதா, பெரியதா?

தோப்புக்காரன், ஆனைமலை:
வணக்கமுங்க. தேங்காய்ப் பணத்தோடு பொள்ளாச்சியிலிருந்து இரவில் தனியாக வருகிறவன். லைசென்ஸ் வந்துவிட்டது. தெரிந்த அண்ணன் ஒருவர் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் தன் நிர்பீக் என்கிற சின்ன .32 ரிவால்வரைச் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். அரைக் கிலோதான், சட்டைக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்குகிறது, குண்டெல்லாம் இடப்பக்கம் கீழே போகிறது. பேசாமல் 9 எம்எம் பிஸ்டல் வாங்கிவிடலாமா?

நொய்யல்கரை:
அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகமுங்க. நமக்கு .32தான்.

ரேஞ்சுக்காரர், கோவை:
தம்பி, வலக்கைக்காரர்தானே? அப்படியென்றால் டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். டபுள் ஆக்‌ஷன் இழுவை, அதாவது ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னுக்கு ஏற்றி அடிக்க வைப்பது, கனமானது. புதுசாகச் சுடுகிற எல்லோருக்கும் இதே கதைதான். தோட்டாக்களை எடுத்துவிட்டு, டம்மி தோட்டா போட்டு வீட்டில் நிதானமாக இழுத்துப் பழகுங்கள். சின்னக் குழலில், நுனியில் இருக்கிற முன்குறி கொஞ்சம் ஆடினாலும் குறி ரொம்பத் தள்ளிப் போகும். உறை டிரிகரை முழுசாக மூட வேண்டும். வேட்டி மடிப்பில் செருகுகிற வேலையே வேண்டாம்!

தோப்புக்காரன், ஆனைமலை:
சரிங்கண்ணா. மச்சான் கல்யாணத்தில் ஒரு வேட்டுப் போடச் சொல்கிறான்...

நொய்யல்கரை:
ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதுக்கு 2 வருஷம் வரை உள்ளே. அவனைச் சரவெடி வாங்கச் சொல்லுங்க.