பழைய டீசல் கணக்கு யாரிடமாவது இருக்கா?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுக்காரங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கேன் மக்களே. நாகர்கோவில்ல எம்.ஏ. படிக்கேன். எரிபொருள் விலையும் ஓட்டும்தான் ப்ராஜெக்ட்.

2017 ஜூன்ல இருந்து விலை தினமும் மாறும்னாங்க. ஆனா 2021 ஏப்ரல் 6-ல் சட்டமன்றத்துக்கும் நம்ம எம்.பி. இடைத்தேர்தலுக்கும் ஓட்டுப் போட்ட சமயம் விலை பெருசா அசையல. மே 2 முடிவு வந்துச்சு, மே 4-ல் ஏற ஆரம்பிச்சுது. அந்த நவம்பர்ல இருந்து உ.பி. தேர்தல் முடியுற வரை நாலு மாசத்துக்கு மேல அதே விலை. 2024 மார்ச் 15-ல் 2 ரூபாய் குறைஞ்சுது, மறுநாளே தேர்தல் தேதி அறிவிப்பு! கச்சா எண்ணெய்க்கு நம்ம தேர்தல் அட்டவணை எப்படித் தெரியுமோ.

இந்த மாசங்கள்ல டீசல் போட்ட கணக்கு நோட்டுப் பக்கம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. பங்க் பில் மங்கிப் போயிருக்கும், நோட்டுதான் நல்லது. பேரு, படகு நம்பரை மறைச்சிடுங்க.

இன்னொண்ணு, மறைக்காம சொல்லணும்: ஓட்டுப் போடும்போது டீசல் விலை மனசுல இருந்துதா? இல்ல துறைமுகம், நிவாரணம், கட்சிதான் முன்னால நின்னுதா? எனக்கென்னவோ விலை மட்டும் ஓட்டை மாத்தும்னு தோணல. இன்பாக்ஸ்ல சொன்னாலும் போதும்.